காசும் கேஷும்

தமிழ் மேடைகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் ஒரு கூற்றை இன்று ஆராய எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்ற சொல் நம்முடைய ‘காசு’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்பதே அக்கூற்று. ஒலி ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது, ஆங்கிலேயர் நம் கரைக்கு வணிகம் செய்யவே வந்தவர்கள். இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று கேட்பவர்கள் பலர். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இக்கூற்றில் பாதி பிழை, பாதி மெய். பிழையான பாதியை உரத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்; மெய்யான பாதி பெரும்பாலோர்க்குத் தெரியாமலே கிடக்கிறது. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று எழுதப்படும் சொற்கள் இரண்டு. இரண்டுக்கும் எழுத்து ஒன்று, ஒலிப்பு ஒன்று, பிறப்பு வேறு. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் லத்தீன் வழி வந்தது. ஒரு சிறு நாணயத்தின் பெயராக நின்ற கேஷ்தான் தமிழ்க் காசு. ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு கொண்டாடினால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. ஒரு சொல் எந்த ஆண்டில், எந்த மொழியின் வழியாக, எந்த வடிவத்தில், எந்தப் பொருளோடு வந்தது என்று கேட்டால்தான் படும்.

முதல் கேஷை எடுத்துக்கொள்வோம். லத்தீனில் ‘காப்ஸா’ என்றால் பெட்டி. ரோமானியர்கள் ஏட்டுச் சுருள்களை இட்டுவைத்த உருளை வடிவப் பெட்டிக்கும் இதுவே பெயர். ‘பிடித்தல், கொள்ளுதல்’ என்று பொருள்படும் ‘காப்பெரே’ என்ற வினையிலிருந்து பிறந்த சொல் இது. காப்ஸா இத்தாலிய மொழியில் ‘காஸ்ஸா’ ஆயிற்று, பிரெஞ்சில் ‘கேஸ்’ ஆயிற்று, போர்ச்சுகீசியத்தில் ‘காய்ஷா’ ஆயிற்று. இதன் குறுமை வடிவம் ‘காப்ஸுலா’; மருந்துக்கடையில் நாம் வாங்கும் கேப்ஸ்யூல் அதுதான். வணிகர்கள் பணம் வைக்கும் பெட்டியையும் காஸ்ஸா என்றே சொன்னார்கள். ஆங்கிலத்துக்குள் கேஷ் நுழைந்தபோது அதன் பொருளும் பணப்பெட்டிதான். பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கும் ஆகி, 18ஆம் நூற்றாண்டில் பெட்டி என்ற பழம்பொருள் வழக்கிழந்து, பணம் என்ற பொருள் மட்டும் எஞ்சியது. பெட்டி எப்படிப் பணமாகும் என்று ஐயப்படுகிறவர்கள் நம் கடைத்தெருவைப் பார்த்தால் போதும். கல்லா என்பது கடைக்காரர் பணம் போடும் பெட்டி. ஆனால் ‘படம் நன்றாகக் கல்லா கட்டியது’ என்று நாம் சொல்லும்போது பெட்டியையா சொல்கிறோம்? அதில் விழுந்த பணத்தைச் சொல்கிறோம். லத்தீன் வழிவந்த மொழிகளில் நடந்ததும் இதுவே.

இங்கே முதல் மறுப்பு எழும். இதெல்லாம் ஐரோப்பிய அகராதிக்காரர்கள் எழுதிவைத்தது, தங்கள் மொழிக்குப் பெருமை தேடிக்கொள்ள அவர்கள் தமிழை மறைத்துவிட்டார்கள் என்பது அந்த மறுப்பு. காலனிக்காலத்து அறிவுத்துறைகளின் மேல் நமக்கு ஐயம் இருப்பதில் தவறில்லை. அந்த ஐயத்துக்கு நியாயமான காரணங்களும் உண்டு. ஆனால் இந்த வழக்கில் அது நிற்காது. அதே ஆங்கில அகராதிகள்தாம் இரண்டாவது கேஷுக்குத் தனிப்பதிவு கொடுத்து, அது தமிழ்க் காசு என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. மறைக்க விரும்பியவர்கள் அதையும் மறைத்திருக்கலாம். அகராதிகளை ஒதுக்கிவைத்தாலும் காலக்கணக்கு இருக்கிறது. லூக்கா பச்சோலி என்ற துறவி 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை விளக்குகிறார். அவர் காட்டும் பேரேட்டில் ரொக்கக் கணக்கின் பெயர் ‘காஸ்ஸா’. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியது 1498ஆம் ஆண்டு. கடல்வழி திறப்பதற்கு 4 ஆண்டு முன்பே இத்தாலிய வணிகரின் பேரேட்டில், பெட்டி என்ற பொருளோடும் ரொக்கம் என்ற பொருளோடும் ஒரு சொல் ஊன்றி நின்றுவிட்டது. அதற்குப் பழைய வடிவம் லத்தீனிலேயே இருக்கிறது. அதே வேரிலிருந்து கிளைத்த உறவுச் சொற்களும் அங்கே கூட்டமாக இருக்கின்றன. நம் காசு அங்கே போய்ச் செய்வதற்கு வேலையே இல்லை.

சரி, கடல்வழி திறப்பதற்கு முன்னும் நமக்கும் ரோமுக்கும் வணிகம் இருந்ததே, முசிறியில் மிளகு ஏற்றினார்களே, கொங்கு நாட்டில் ரோமானிய நாணயப் புதையல்கள் கிடைக்கின்றனவே, அப்போதே காசு காப்ஸாவாகப் போயிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். இது முந்தைய மறுப்பைவிட வலுவானது. தொடர்பு இருந்தது உண்மை. ஆனால் சொல் கடப்பதற்குப் பாதை இருந்தது என்பது, சொல் கடந்தது என்பதற்குச் சான்றாகாது. காப்ஸா என்ற சொல்லின் நடுவில் ஒரு பகரம் இருக்கிறது. காப்பெரே என்ற வினை அந்தப் பகரத்தை எளிதில் விளக்கிவிடுகிறது. காசிலிருந்து வந்தது என்றால் அது எங்கிருந்து முளைத்தது என்று நாம்தான் விடை சொல்ல வேண்டும். பொருளும் இடம் கொடுக்கவில்லை. தமிழில் காசு எந்தக் காலத்திலும் பெட்டியைக் குறித்ததில்லை. லத்தீனில் காப்ஸா எந்தக் காலத்திலும் நாணயத்தைக் குறித்ததில்லை. பெட்டி பணமானது பிற்காலத்தில், வணிகர்களின் கணக்குப் புத்தகங்களில். அந்த மாற்றத்தைப் படிப்படியாகக் காட்ட ஏடுகள் உள்ளன. ஒரு சொல்லின் இன்றைய பொருளை இன்னொரு சொல்லின் இன்றைய பொருளோடு ஒப்பிட்டு உறவு சொல்வதுதான் இங்கே நடக்கும் அடிப்படைத் தவறு. ஒப்பிட வேண்டியவை அவற்றின் பழைய வடிவங்களும் பழைய பொருள்களும்.

இனி இரண்டாவது கேஷ். இதுதான் நம்முடையது, இதன் வரலாறு எனக்கு முதல் கேஷின் வரலாற்றைவிட வியப்பாகப் படுகிறது. போர்ச்சுகீசியர் இந்தியக் கடற்கரைக்கு வந்தபோது, சந்தையில் புழங்கிய சிறு நாணயத்தின் பெயர் காசு என்று கேட்டார்கள். அவர்களுடைய பழைய ஏடுகளில் அது ‘காஸ்’, ‘காஸெ’, ‘காஷா’ என்றெல்லாம் தடுமாறி எழுதப்பட்டிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ‘காஸ்’ என்றார்கள், ஆங்கிலேயர் தொடக்கத்தில் அதற்கு நெருங்கிய ஒலியிலேயே எழுதினார்கள். வாய்க்குப் பழகாத ஒரு சொல்லைக் கேட்கும்போது தன் மொழியில் அதற்கு அருகில் இருக்கும் சொல்லின் வடிவத்தில் அதை வார்த்துவிடுவது எல்லா மொழியாரும் செய்வது. போர்ச்சுகீசியர் கையில் பெட்டியையும் பணப்பெட்டியையும் குறிக்கும் ‘காய்ஷா’ ஏற்கெனவே இருந்தது. காசு அந்த அச்சில் விழுந்து காய்ஷா ஆயிற்று. பின்னர் ஆங்கிலத்திலும், ரொக்கத்தைக் குறிக்கும் கேஷின் எழுத்துக்கூட்டலையே இது மேற்கொண்டது. உறவே இல்லாத இரண்டு சொற்கள் எழுத்தில் ஒன்றானது இப்படித்தான். பணத்தோடு தொடர்புடைய பொருள் இரண்டுக்கும் இருந்ததால் கலப்பு இன்னும் எளிதாயிற்று.

1598ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்த இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று ஜான் ஃப்ளோரியோவின் இத்தாலிய-ஆங்கில அகராதி. அதில் ‘காஸ்ஸா’ என்ற சொல்லுக்குப் பெட்டி என்று பொருள் தந்து, வணிகரின் ‘கேஷ்’ என்றும் எழுதுகிறார். முதல் கேஷின் தொடக்க காலப் பதிவுகளுள் அது ஒன்று. மற்றொன்று, கோவாவில் பணியாற்றித் திரும்பிய டச்சுக்காரர் லின்ஷோட்டனின் பயண நூல், ஆங்கில மொழிபெயர்ப்பில். அதில் ஜாவாத் தீவின் சுந்தாப் பகுதியில் புழங்கிய செப்பு நாணயத்தை வருணிக்கிறார்: பெயர் ‘காய்ஷா’, அளவில் ஹாலந்து நாட்டு ‘டொய்ட்’ நாணயம் போன்றது, தடிமன் அதில் பாதியும் இல்லை, நடுவில் துளையிட்டிருப்பதால் இருநூறோ ஆயிரமோ கயிற்றில் கோத்து மாலையாக வைத்திருப்பார்கள். நடுவில் துளை என்றதும் அது சீன மரபு நாணயம் என்று தெரிந்துவிடுகிறது. சீனர்கள் அதை அந்தப் பெயரால் அழைத்ததில்லை. அவர்களுக்கு அது ‘சியென்’, ‘வென்’. தமிழ்க் கரையில் கேட்ட பெயரை ஐரோப்பியர் மூட்டையோடு எடுத்துப்போய், கிழக்கே எங்கெங்கு சிறு செப்பு நாணயம் கண்டார்களோ அங்கெல்லாம் சூட்டிவிட்டார்கள். இன்றும் உலக நாணயவியல் நூல்களில், நடுவில் சதுரத் துளையிட்ட சீன நாணயத்துக்கு ‘கேஷ்’ என்பதே வழக்கமான பெயர். ஈராயிரம் ஆண்டு சீன நாணய மரபு ஆங்கில நூல்களில் ஒரு தமிழ்ச் சொல்லைப் பெயராகக் கொண்டு நிற்கிறது. ஏன் இதை நாம் மேடையில் சொல்வதில்லை?

சென்னையில் இந்தச் சொல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கேட்டிலேயே ஏறிற்று. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பது அந்தக் காலத்துச் சென்னை வாய்ப்பாடு. ஆங்கிலத்தில் காசு ‘கேஷ்’, பணம் ‘ஃபனம்’, வராகன் ‘பகோடா’. ஒரு வராகனுக்கு 3360 காசு. 1818ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயைக் கணக்கு நாணயமாக்கும்வரை கம்பெனியின் வரவுசெலவு இந்த மூன்று பெயர்களில்தான் நடந்தது. கம்பெனி 1803இலும் 1808இலும் இங்கிலாந்தின் சோஹோ அச்சாலையில் சென்னைக்கென்று அடித்தனுப்பிய 20 காசு செப்பு நாணயத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் அகலம். ஒருபுறம் கம்பெனியின் சின்னமும் ஆண்டும். மறுபுறம் பாரசீக எழுத்தில் ஒரு வாசகம்: இருபது காஸ் நான்கு ஃபலூஸ் ஆகும் என்பது அதன் பொருள். அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது என்று போட்டு ‘கேஷ்’ என்று ஆங்கில எழுத்து. ஒரே முகத்தில் நம் சொல் இரண்டு எழுத்துமுறையில் நிற்கிறது. பாரசீக எழுத்து அதை ‘காஸ்’ என்று மூலத்துக்கு அருகில் வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்து அதைத் தன் ரொக்கச் சொல்லின் உடையில் காட்டுகிறது. நான் மேலே சொன்ன கலப்புக்கு இதைவிடத் தெளிவான சான்றை ஏட்டில் தேட வேண்டியதில்லை. உடன் நிற்கும் ஃபலூஸுக்கும் ஒரு பயணம் உண்டு. ரோமப் பேரரசின் பிற்காலச் செப்பு நாணயமான ‘ஃபோலிஸ்’ அரபுக்குப் போய் ‘ஃபல்ஸ்’ ஆனது, அதன் பன்மை ‘ஃபுலூஸ்’. வளைகுடா நாடுகளில் வேலை செய்த நம்மவர் எல்லோருக்கும் தெரிந்த சொல். இந்த 1808ஆம் ஆண்டு நாணயங்களை ஏற்றிச் சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையோர மணல்திட்டில் மூழ்கிற்று. 1980களில் அதிலிருந்து மீட்டெடுத்த 10 காசு, 20 காசு நாணயங்கள் இன்று உலகெங்கும் சேகரிப்பாளரிடம் இருக்கின்றன.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் அடித்த செப்பு நாணயங்களில் ‘காஸ்’ என்றே பொறித்திருக்கிறார்கள். 4 காஸ், 10 காஸ் என்று வகைகள் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ‘காஷ்’ என்றும் சொன்னார்கள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அந்த நாணயங்களில் ஆங்கில எழுத்தில் ‘கேஷ்’ என்றே அடித்திருந்தார்கள், 1949 வரை. சிங்களத்தில் இன்றும் நாணயத்துக்குக் ‘காசி’ என்று பெயர். இத்தனை எழுத்துக்கூட்டல்களையும் ஒரு வரிசையில் வைத்தால், ஐரோப்பியர் ஒவ்வொருவரும் தம் செவிக்கும் எழுத்துக்கும் ஏற்ப ஒரே தமிழ்ச் சொல்லை எழுத முயன்றது துலங்கும். சொல்லின் வழித்தடம் என்று நான் கேட்பது இதைத்தான். எந்த ஊரில், எந்த நாணயத்தில், எந்த ஆண்டில் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

இதே கண்டிப்பை நம் பக்கமும் செலுத்த வேண்டும். தமிழில் காசின் வரலாறு என்ன? குறுந்தொகையின் 67ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார் காட்டும் காட்சி ஒன்று: பழுத்த வேப்பம்பழத்தைக் கிளி வளைந்த அலகில் பற்றியிருப்பது, பொற்கொல்லன் புதுநூலில் கோப்பதற்காகப் பொன் காசு ஒன்றைக் கூரிய நகத்தால் பிடித்திருப்பதுபோல் தோன்றுகிறதாம். அங்கே காசு என்பது அணிகலனில் கோக்கும் உருண்டைப் பொன்மணி. அதே தொகையின் 148ஆம் பாடலில் சிறுவர் காலில் அணியும் கிண்கிணியின் காசுகள் கொன்றை அரும்புக்கு உவமை ஆகின்றன. ஆக, நம் பழைய பாடல்களில் இந்தச் சொல் பொருளாதாரத்தைவிட அழகோடு சேர்ந்து வருகிறது. பக்தி காலத்துக்கு வந்தால், திருவீழிமிழலையில் ஞானசம்பந்தர் தமக்குக் கிடைத்த காசில் வாசி, அதாவது மாற்றுக் குறைவுக்கான வட்டம், இல்லாமல் தரவேண்டும் என்று இறைவனைக் கேட்கிறார்; அங்கே காசு முழுமையான நாணயம். முதலாம் ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்று வட்டி விதித்திருக்கிறார்கள், நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்தக் காசு பொன். ‘ஈழக்காசு’ என்று தனிவகையும் கல்வெட்டில் வருகிறது. பொன் நாணயமாக இருந்த அதே பெயர், கம்பெனி காலத்தில் வராகனில் 3360இல் ஒரு பங்கான செப்புத் துண்டுக்கு இறங்கியது. இன்று மறுபடியும் ஏறி, பொதுவாகப் பணம் எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது. தெலுங்கில் ‘காசு’ பொன்னின் அளவையாகவும் நிற்கிறது. நம் காசுமாலை அவர்களுக்குக் ‘காசுல பேரு’. இதற்கிடையில் யாப்பிலக்கணம் படித்த எவருக்கும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வெண்பா ஈற்றுச் சீர் வாய்பாடும் நினைவுக்கு வரும்.

தமிழுக்குள்ளேயே இன்னொரு காசும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. குற்றம், மாசு என்று பொருள்படும் காசு. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் பாராட்டும் புகழ்பெற்ற இடத்தில் வருவது இந்தக் காசுதான். குற்றமற்ற நறுமணமே என்கிறான் அவன். இதைப் பொன்காசோடு சேர்த்துப் பொருள் பண்ணினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். காசநோயில் இருக்கும் காசம் வேறு, அது இருமலைக் குறிக்கும் வடசொல். காசி நகரின் பெயர் ஒளிர்தல் என்ற பொருளுடைய வேறொரு வேரிலிருந்து வந்தது. நம் மொழிக்குள்ளேயே ஒலி ஒத்த சொற்களைப் பொருள் நோக்கிப் பிரித்துப் படிக்கிறோம். உரையாசிரியர்கள் நமக்குக் கற்றுத்தந்த முறையே அது. கடல் தாண்டியதும் ஏன் அந்த முறையைக் கைவிட வேண்டும்?

பொன்காசின் மூலம் பற்றியும் வழக்கு உண்டு. வடமொழியில் ‘கர்ஷ’ என்பது ஒரு நிறை; அதிலிருந்து ‘கார்ஷாபணம்’ என்ற நாணயப் பெயர். பாலியில் அது ‘கஹாபண’. பழைய பாரசீகத்திலும் ‘கர்ஷ’ என்ற நிறை இருந்தது. டாரியஸ் மன்னன் பெயர் பொறித்த, 120 கர்ஷ என்று குறித்த எடைக்கல் ஒன்று பெர்செபோலிஸில் கிடைத்திருக்கிறது. காசு இந்தக் கர்ஷவிலிருந்து பிராகிருதம் வழியாக வந்தது என்பது பலர் கருத்து. நம்மில் சிலர் இதைக் கேட்டவுடனே முகம் சுளிப்பார்கள். சுளிக்க வேண்டாம், அதே சோதனையை இங்கும் நடத்துவோம். வடிவம் பொருந்துகிறது: வர்ஷ என்பது பிராகிருதத்தில் ‘வாஸ’ ஆவது போலவே கர்ஷ ‘காஸ’ ஆகலாம், சங்க என்பது தமிழில் சங்கு ஆவது போல அது காசு ஆகலாம். ஆனால் பொருளில் தடை இருக்கிறது. சங்கப் பாடல்களில் காசு நிறையாகவோ அளவையாகவோ வராமல் கோக்கும் மணியாக வருகிறது. கர்ஷ என்ற நிறைப்பெயர் எப்படிப் பொன்மணிப் பெயரானது என்பதற்கு இடைப்படி எதுவும் கையில் இல்லை. கோத்த பொன்மணிகளே பின்னர் நாணயமாயின என்ற எதிர்த்திசை விளக்கமும் இயல்பாகவே இருக்கிறது. ஆகவே, காசு கர்ஷவின் வழிவந்தது என்பதைக் கருத்து என்றுதான் ஏற்கலாம், மெய்ப்பிக்கப்பட்டது என்று ஏற்க முடியாது. ஆங்கிலக் கேஷைத் தமிழாக்குவதற்கு நான் கேட்ட சான்றையே தமிழ்க் காசை வடமொழியாக்குவதற்கும் கேட்கிறேன். அங்கே ஒரு தராசு, இங்கே ஒரு தராசு என்று வைத்துக்கொள்வது ஆராய்ச்சியாகாது.

இத்தனை ஒற்றுமை தற்செயலாக வருமா என்ற கேள்வி இன்னும் சிலர் மனத்தில் நிற்கும். வரும். நம் வீட்டிலேயே பாருங்கள். ஊருக்குப் போக எடுக்கும் சூட்கேஸ், காவல்நிலையத்தில் பதிவாகும் கேஸ், சமையலறையில் எரியும் கேஸ் மூன்றையும் ஒரே ஒலியில் சொல்கிறோம். முதலாவது, நான் மேலே சொன்ன காப்ஸா. இரண்டாவது, விழுதல் என்ற பொருளுடைய வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது. நேர்ந்தது, நிகழ்வு, வழக்கு என்று பொருள் வளர்ந்தது. மூன்றாவது, 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மோன்ட் என்ற ஃப்ளெமிஷ் அறிஞர், கிரேக்கத்தின் ‘கேயாஸ்’ என்ற சொல்லை மனத்தில் வைத்து ஆக்கிய புதுச்சொல். தொலைவிலும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவின் வட குவீன்ஸ்லாந்துப் பகுதியில் பேசப்பட்ட ம்பாபரம் என்ற தொல்குடி மொழியில் நாய்க்குப் பெயர் ஏறக்குறைய ‘டாக்’ என்பதே. ஆங்கிலத்திலிருந்து போனதாகத்தானே யாரும் நினைப்பார்கள்? மொழியியலாளர் டிக்ஸன் அக்கம்பக்கத்து மொழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அருகில் உள்ள யிடின் மொழியில் நாய் ‘குடக’. முதல் அசை கெட்டு, எஞ்சியது சுருங்கி ‘டாக்’ ஆகும் வழி அந்த மொழியின் மற்றச் சொற்களிலும் ஒழுங்காக நடந்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு அங்கே பங்கே இல்லை.

மறுபுறம், காதில் சிறிதும் ஒட்டாத சொற்கள் உடன்பிறப்புகளாக இருப்பதும் உண்டு. வடமொழிச் ‘சக்ர’மும் ஆங்கில ‘வீலு’ம் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலச் சொல்லின் கிளைகள், கிரேக்கத்தின் ‘குக்லோஸ்’ வழியாக வந்த ‘சைக்கிள்’ அவற்றுக்கு மூன்றாவது உறவு. ஒலி எங்கே எப்படி மாறியது என்பதை நூற்றுக்கணக்கான சொற்களில் ஒரே விதியாகக் காட்ட முடிவதால் அந்த உறவு நிலைபெற்றது. திருவிதாங்கூர்க் கணக்கில் காசும் சக்கரமும் அடுத்தடுத்து நின்றன. ஆங்கில ரொக்கச் சொல்லைப் போலவே ஒலிக்கும் காசுக்கு அதனோடு உறவில்லை. ஆங்கில வீலைப் போலச் சிறிதும் ஒலிக்காத சக்கரத்துக்கு அதனோடு உறவு இருக்கிறது. சொல்லாராய்ச்சியில் காதை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு நாணயப் பெயர்களே போதும்.

கடைசியாக ஒரு மறுப்பு, அறிவைவிட உணர்வைச் சேர்ந்தது. தமிழின் பெருமையைச் சொல்லும் ஒரு கூற்று சற்றுப் பிழையாக இருந்தால்தான் என்ன, அதனால் யாருக்கு இழப்பு என்பார்கள். தமிழுக்குத்தான் இழப்பு என்பது என் விடை. கேஷ்யூ என்ற பெயர் ‘காசுக்கு எட்டு’ என்று முந்திரியை விற்றதால் வந்தது என்று சொல்வோர் உண்டு. முந்திரி மரம் பிரேசில் நாட்டுக்குரியது. அங்குள்ள தூப்பி மொழியின் ‘அகாஜு’ போர்ச்சுகீசியர் வாயில் ‘காஜு’ ஆயிற்று. அவர்கள்தாம் மரத்தையும் பெயரையும் நம் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தச் செய்தி தெரிந்த வெளியார் ஒருவர் காசுக்கு எட்டுக் கதையையும் ரொக்கக் கேஷ் கதையையும் கேட்டால், அடுத்து நாம் கட்டுமரத்தைச் சொல்லும்போதும் நம்பமாட்டார். கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. 1697ஆம் ஆண்டு வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலில் அது பதிவாகியிருக்கிறது. சுருட்டு ‘செரூட்’ ஆனதும், மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆனதும், பணம் ‘ஃபனம்’ ஆனதும் அப்படியே. பொய்க்கணக்கு ஒன்று பேரேட்டில் ஏறினால் சரியான பதிவுகளின் மேலும் ஐயம் விழும்.

கொண்டதையும் கூசாமல் சொல்ல வேண்டும். துட்டு என்று நாள்தோறும் சொல்கிறோம். அது டச்சுக்காரரின் ‘டொய்ட்’. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அவர்கள் இருந்த காலத்தில் நம் நாவில் ஏறியது. அங்கிருந்து புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரின் நாணயக் கணக்கில் ‘தூதூ’ ஆனது. லின்ஷோட்டன் தம் நூலில் சுந்தாவின் காய்ஷாவை அளந்து காட்ட எடுத்துக்கொண்டது இந்த டொய்ட்டைத்தான். தமிழ் கொடுத்த ஒரு சொல்லும் தமிழ் வாங்கிய ஒரு சொல்லும் 1598இல் ஒரே பக்கத்தில் அருகருகே நின்றிருக்கின்றன. கொடுக்கல், வாங்கல் இரண்டும் நடந்த துறைமுக மொழி தமிழ். அதில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது அதன் வரலாற்றைக் குறைத்துச் சொல்வதாகும்.

ஆசிரியர்களுக்கும் மேடைப் பேச்சாளர்களுக்கும் நூல் எழுதுவோர்க்கும் என் வேண்டுகோள் இதுதான். ஒரு தமிழ்ச் சொல் பிறமொழிக்குப் போனது என்று இனிச் சொல்லும்போது, போன வழி, இடையில் நின்ற மொழி, முதலில் பதிவான ஆண்டு அல்லது நாணயம் அல்லது நூல் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்றும் கையில் இல்லையென்றால் அந்தக் கூற்றை ஒத்திவையுங்கள். கேஷைப் பற்றி மாணவர் கேட்டால், வங்கியில் எண்ணித் தரும் கேஷ் லத்தீன் பெட்டி என்றும், சீனத்துச் சதுரத்துளை நாணயத்துக்கும் கம்பெனியின் செப்பு நாணயத்துக்கும் பெயரான கேஷ் தமிழ்க் காசு என்றும் பிரித்துச் சொல்லுங்கள்.